பச்சரிசி தின்பது மனநோயா?

உங்கள் கடிதத்தில், மாமியார் சமையலைப் பற்றிய புகாருக்கும் முடி உதிர்வுக்கும் நடுவில் ஒரு வரியை நுழைத்திருக்கிறீர்கள்: யாரும் பார்க்காத நேரத்தில் அரிசி டின்னைத் திறந்து, பச்சரிசியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியில், உங்கள் அம்மா மண்சுவரைச் சுரண்டித் தின்றதும், அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரார் மந்திரிக்க அழைத்துப் போனதும் வருகிறது. நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் கேட்க நினைத்தது இது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. பிடிக்கப்போவதற்கான அறிகுறியும் இது அல்ல. உடலில் இரும்புச்சத்து வற்றிப்போயிருக்கிறது என்றே சந்தேகப்படுகிறேன்.

உணவல்லாத பொருளின் மீதும், சமைக்காத அரிசியின் மீதும் அடக்க முடியாத ஆசை வருவதற்கு மருத்துவத்தில் ‘பைக்கா’ என்று பெயர். சிலருக்கு மண், சிலருக்குச் சிலேட்டுக் குச்சி, சிலருக்கு அடுப்புச் சாம்பல். நகரத்துப் பெண்கள் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. ஏன் வருகிறது என்பதற்கு இன்றுவரை முழு விளக்கம் கிடைக்கவில்லை. ஆனால் குறைவினால் வந்ததென்றால், சரியான சிகிச்சை தொடங்கியதும் பெரும்பாலும் சில வாரங்களில் ஆசை அடங்கிவிடும். பலருக்கு ரத்த அளவு ஏறுவதற்கு முன்பே அடங்குகிறது. ‘அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும்’ என்று பெண் பிள்ளைகளை மிரட்டிய வீடுகளில், அந்தப் பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்து உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை.

உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு என்ன இருந்தது என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் எட்டுப் பிரசவம், அதன்பின் ஓயாத ரத்தப்போக்கு, படியேறினால் மூச்சு வாங்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தேவைப்பட்டது வேப்பிலை அல்ல என்று மட்டும் சொல்வேன்.

இனி உங்கள் மகள் கைபேசியில் படித்துச் சொன்ன சங்கதி. ‘சாக்லேட் ஆசை என்றால் மெக்னீசியம் குறைவு, உடம்பு தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும்.’ அதை நம்பி மெக்னீசியம் மாத்திரையும் வாங்கி விழுங்குகிறீர்கள். மெக்னீசியம்தான் வேண்டுமென்றால் பூசணி விதை மீதும் கீரை மீதும் ஏன் யாருக்கும் நாக்கு ஊறுவதில்லை? இரும்பு குறைந்த உங்கள் உடல் கேட்பது என்ன? இரும்பு அதிகமில்லாத பச்சரிசியை. இதில் எங்கே இருக்கிறது உடம்பின் ஞானம்? இப்படிப் பேசுகிறவர்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸின் பழைய ஆய்வை இழுப்பார்கள். 1920களின் பிற்பகுதியில் தொடங்கி, பால் மறந்த குழந்தைகள் 15 பேரைத் தாங்களே உணவைத் தேர்ந்தெடுத்துச் சாப்பிட விட்டார் அவர். நன்றாகவே வளர்ந்தார்கள். ஆனால் அந்தத் தட்டுகளில் சர்க்கரையோ பிஸ்கட்டோ இல்லை. எதைத் தின்றாலும் நன்மை தருகிற பொருள்களை மட்டும் வைத்திருந்தார். சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருந்தது என்று அவரே சொல்லியும் இருக்கிறார். மெக்னீசியம் மாத்திரையை நிறுத்துங்கள்.

மற்றக் கவலைகளுக்கு அதிக நேரம் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பது பேராசை அல்ல. ஒரே சுவை சலித்துப்போகும், புதுச் சுவை வந்ததும் நாக்கு மறுபடி விழித்துக்கொள்ளும். எல்லா மனிதருக்கும் இப்படித்தான். மனம் சரியில்லாத நாளில் தயிர்சாதம் தேடுவது, சிறுவயதில் காய்ச்சலில் கிடந்தபோது யாரோ பிசைந்து ஊட்டியதன் மிச்சம், தேடுங்கள். ஒருமுறை வாந்தி எடுத்ததிலிருந்து கத்தரிக்காய் வாசனையே ஆகவில்லை என்பதும் நோயல்ல. சாப்பிட்டபின் குமட்டினால், குற்றம் அந்த உணவினுடையதோ இல்லையோ, மூளை பழியை அதன்மேல் போட்டுவிடும். ஜான் கார்சியா என்ற உளவியலாளர் 1955லேயே எலிகளிடம் இதைக் காட்டினார்: இனிப்பு நீர் குடிக்கும் நேரத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான எலிகள் பிறகு இனிப்பு நீரை ஒதுக்கின. நாலு வயது மகன் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கும் தவிர எதையும் தொடுவதில்லை என்கிறீர்கள். அந்த வயதில் புதிய உணவுக்குப் பயப்படுவது இயல்பு. திட்டாமல், திணிக்காமல், அதே காயைப் பத்துப் பதினைந்து தடவை தட்டின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டே தடவையில் கைவிட்டுவிட்டு ‘அவனுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்துவதுதான் வீடுகளில் நடக்கிறது.

சரி, நீங்கள் கவலையே படாத விஷயத்துக்கு வருகிறேன். மாதவிடாய் எட்டு நாள் நீடிக்கிறது, கட்டிகட்டியாகப் போகிறது, முதல் மூன்று நாளும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றுகிறீர்கள். ‘எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அப்படித்தான் என்றால் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் சிகிச்சை தேவை என்று அர்த்தம். அரிசி ஆசை, முடி உதிர்வு, மாடி ஏறினால் படபடப்பு என்று தனித்தனியாக எழுதிய மூன்றும் இந்த ஓட்டையிலிருந்தே கிளம்பியிருக்கலாம். 39 வயதில் கர்ப்பப்பை நார்க்கட்டியோ தைராய்டு கோளாறோ காரணமாக இருக்க வாய்ப்புண்டு. மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கசிவை அடைக்காமல் இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் பலன் நிற்காது.

இரும்பு குறைந்து வரும் இந்த ரத்தசோகை ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ வந்தால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் தேட வேண்டும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் நினைவில் வையுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தால், மயக்கம் வந்தால், நெஞ்சு வலித்தால், இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால், காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் இரண்டு பரிசோதனைகள்: முழு ரத்த அணு எண்ணிக்கை, ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது 12க்கு மேல் இருந்துவிட்டால் ‘ரத்தம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்; ஒப்புக்கொள்ளாதீர்கள். உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போது அது பொய்யாக ஏறிக் காட்டும், குணமான பிறகு பாருங்கள். ‘எல்லோருக்கும்தானே ரத்தம் குறைவு’ என்ற பேச்சும் வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பலருக்கு இருப்பதால் ஒரு நோய் இயல்பாகிவிடாது.

பரிசோதனைக்கு முன்பு கடையில் டானிக் வாங்காதீர்கள். தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் கூறு உள்ளவர்களுக்கும் ரத்த அணு சிறுத்துத்தான் தெரியும். அது மட்டும் இருந்தால் இரும்பு கொடுத்துப் பயனில்லை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் இவ்வளவு கசியும்போது கீரையால் மட்டும் ஈடுகட்ட முடியாது. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தால், டீக்கும் காப்பிக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளி விழுங்குங்கள். நாளைக்கு ஐந்து டீ குடிக்கிற நீங்கள் இதற்கு ஒரு நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்களாக நிறுத்தாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்பச் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும்.

அரிசி ஆசை அடங்கும்வரை சுவைக்காகக் கற்பூரம் பக்கம் மட்டும் போகாதீர்கள். கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பு வரலாம். இரும்பு மாத்திரைகளையும் பரண் மேல் வையுங்கள். மிட்டாய் போலத் தெரியும் அவற்றை நாலு வயதுப் பிள்ளை எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.