தளிர் வராத கிண்ணத்தையும் காட்டுங்கள்

தங்கச்சி, நல்லூர்த் திருவிழாவுக்காகக் கொக்குவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். உங்கள் கேள்வியை இங்கிருந்துதான் படித்தேன். ஜேர்மனிக்குப் போய் ஏழு மாதம், ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்க்கும் இலைத்துண்டுகள் கேலஸாக, அதாவது உருவமற்ற உயிர்க்கலத் திரளாக, மாறுகின்றன, தளிர் மட்டும் வரவில்லை, இதை மேற்பார்வையாளரிடம் எப்படிச் சொல்வது, கலாநிதிப் படிப்புக்கு நான் தகுதியில்லாதவளா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தகுதிப் பேச்சை முதலில் விடுங்கள். அப்பா வேலியில் நட்ட பூவரசங் கதியால் மாரி மழைக்குத் தானாகத் தளிர்க்கும். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வெட்டிய துண்டு முளைப்பது பெரிய காரியமாகத் தெரிவதில்லை. ஆனால் கதியாலில் உறங்கும் மொட்டு ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கிண்ணத்தில் இருப்பதோ மொட்டே இல்லாத இலைத்துண்டு. ஒட்சின், சைற்றோகைனின் என்ற இரு தாவர ஓமோன்களுக்கும் உள்ள விகிதம் வேரா தளிரா என்பதை முடிவு செய்யும் என்று ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் 1957இல் புகையிலையில் காட்டினார்கள். அந்த விகிதம் சரியாக இருந்தும் தளிர் வராமல் போவதுண்டு. ஆய்வுகூடங்களில் பெரிதும் பயன்படும் அரபிடொப்சிஸ் என்ற சிறு செடியில், அதன் மேற்பகுதி உறுப்புகளிலிருந்து வரும் கேலஸ்கூட வேரின் இயல்பையே கொண்டிருக்கிறது என்று 2010இல் கண்டார்கள். அது தளிராக வேண்டுமானால் வூஷெல் போன்ற மரபணுக்கள் விழிக்க வேண்டும். டி.என்.ஏ.யில் ஒட்டியிருக்கும் மீதைல் குறிகள் என்ற சிறு வேதிக் குறிகள் அவற்றை அடக்கி வைத்திருக்கக்கூடும். மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் வாசிப்பு மாறுகிறது. நீங்கள் ஆராயப் போனதே இதைத்தானே! தளிர் வராத கிண்ணமும் உங்களுக்குத் தரவுதான்.

என் கலாநிதிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நான் ஒரு பிழை விட்டேன். நன்றாக வளர்ந்த கேலஸைப் புதிய ஊட்டக் கிண்ணங்களுக்கு மாற்றி மாற்றி நட்டு, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன். அது தளிர்விடும் திறனை இழந்துவிட்டது. நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியர் முன் வாய் திறக்காமல் நிற்பது நமக்கு மரியாதை. அங்கே அந்த மௌனத்தை, எல்லாம் சரியாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் சொன்னபோது என் மேற்பார்வையாளர் கேட்டது ஒன்றே ஒன்று: எத்தனை முறை மாற்றி நட்டாய்? என்னிடம் கணக்கு இல்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்தக் கணக்கு அவ்வளவு முக்கியம், வளர்ப்பில் இருக்கும் காலத்தில் மீதைல் குறிகளும் மாறக்கூடும். இழைய வளர்ப்பில் பெருக்கிய எண்ணெய்ப்பனைகளில் சில, தோட்டத்தில் நட்டு ஆண்டுகள் போன பிறகு கோணலான காய்களைக் காய்த்தன. மரபணுத் தொகுதிக்குள் இடம் மாறித் தாவக்கூடிய ஒரு டி.என்.ஏ. துண்டு தன் மீதைல் குறியை இழந்ததே காரணம் என்று 2015இல்தான் தெரிந்தது.

ஆகவே ஒவ்வொரு மாற்று நடுகையையும் திகதியோடு எழுதுங்கள். புதிய விதையிலிருந்து ஒரு தொகுதியை இந்த வாரமே தொடங்குங்கள். இரவு பத்து மணிவரை ஆய்வுகூடத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காகக் கேலஸ் விரைந்து தளிர்க்கப் போவதில்லை. உயிரியல் கலாநிதி மாணவர்களுக்கு அங்கே பெரும்பாலும் பகுதிநேர ஒப்பந்தந்தான் தருகிறார்கள். விடுமுறை உங்கள் உரிமை, அதை எடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஐந்து கிண்ணங்களைக் கையில் கொண்டுபோங்கள். நல்லதாகப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். மேசையில் வைத்து, 'தளிர் வரவில்லை, இத்தனை முறை மாற்றி நட்டேன்' என்று சொல்லுங்கள். அவர் என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள். தேர் முடியும்வரை இங்கேதான் இருப்பேன்.