குலுக்கலுக்கு இரண்டு லட்சமா? கொடுக்காதீர்கள், தம்பி

வயது 26, பி.எஸ்சி. முடித்து ஏற்காட்டில் அப்பாவின் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க இளைஞர்களுக்குத் தரும் 462 விசாவை 'உறுதியாக' வாங்கித் தர, சேலம் ஐந்து ரோட்டில் ஒரு ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார் என்கிறீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்தியர்களுக்கு இந்த விசா 2024-இல்தான் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடம், கணினிக் குலுக்கல். யாராலும் உங்கள் பெயரை முன்னே தள்ள முடியாது. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். நீங்களே இணையத்தில் கட்டிவிடலாம். பெயர் விழுந்த பிறகுதான் விசாக் கட்டணம்.

பதிவு செய்யும் முன் பாஸ்போர்ட்டையும் பான் அட்டையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பதிவுக்கு இரண்டும் வேண்டும். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு தெரியுமே: ஒன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மற்றதில் வெறும் 'கே' நிற்கும். உங்களுடையதும் அப்படி இருந்தால் இன்றே திருத்த மனுப் போடுங்கள்.

தேர்வானால் 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆங்கில அறிவுக்கான சான்று, பட்டச் சான்று, வங்கியில் சுமார் 5,000 டாலரும் திரும்பும் டிக்கெட்டுக்கான பணமும் காட்ட வேண்டும். ஏஜென்ட் கேட்ட தொகையை அந்தக் கணக்கிலேயே போட்டு வையுங்கள். காப்பிப் பழம் பறித்துப் பழகிய கைக்கு அங்கே பண்ணை வேலை புதிதல்ல. மூன்று மாதம் குறிப்பிட்ட பகுதிகளில் அப்படி உழைத்தால் இரண்டாம் ஆண்டு விசாவுக்கும் விண்ணப்பிக்கலாம்.