தாத்தாவின் ஒமேகாவுக்கு பாலிஷ் போடலாமா?

கேள்வி: என் அப்பா 1960களில் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய ஒமேகா கான்ஸ்டலேஷன் வாட்ச் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக். மேலே தங்க நிறம், பின்மூடி மட்டும் வெள்ளை. அப்பா காலமான பிறகு யாரும் கட்டவில்லை. மங்கிப்போய், கீறல் விழுந்து, கண்ணாடியும் புகை மூட்டம் போட்டதுபோல் ஆகிவிட்டது. வருகிற ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். தாத்தா வாட்சைத்தான் கட்டுவேன் என்கிறான். மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகை பாலிஷ் போடும் ஒரு பட்டறையில் காட்டினேன். அரை மணி நேரத்தில் புதுசாக்கித் தருகிறோம் என்றார்கள். என் மைத்துனரோ கை வைத்தாலே மதிப்பு போய்விடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: பட்டறைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். மைத்துனர் சொல்வதிலும் பாதியைத்தான் கேட்கலாம். நீங்கள் விற்கப்போவதில்லை, பேரன் கட்டப்போகிறான். அப்படியிருக்க, ஏலத்தில் என்ன விலை போகும் என்ற கணக்கு உங்களுக்கு எதற்கு? யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, "பின்மூடி மட்டும் வெள்ளை" என்று, அதில்தான் இருக்கிறது.

வாட்சின் வெளிக்கூடான கேஸ் முழுத்தங்கமாக இருந்தால் பின்மூடியும் பெரும்பாலும் தங்கமாகவே இருக்கும். உங்களுடையது அநேகமாக ஸ்டீல் கேஸின் மேல் தங்கத் தகடு போர்த்தியது. அந்தக் காலத்து கான்ஸ்டலேஷனில் இந்த வகை நிறைய வந்திருக்கிறது. சாதாரண முலாமைவிட இந்தத் தகடு கனமானது, அதனால்தான் இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது. முலாம் பூசிய வாட்சுகளில் தங்கம் 10, 20 மைக்ரான் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தகடு என்பதால் உங்கள் வாட்சுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. அதிலும் ஸ்ட்ராப் மாட்டும் கொம்பான லக்கின் நுனி, நேரம் திருப்பும் சாவியைச் சுற்றியுள்ள இடம், கேஸின் ஓரம் என்று கையும் சட்டையும் உரசும் இடங்களில் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். பாலிஷ் போடும் சக்கரமான பஃபிங் மெஷினில் வைத்தால் முதலில் வெள்ளை தெரிவதும் அங்கேதான்.

பாலிஷ் போட்டால் பொருள் குறையுமா என்று சந்தேகமிருந்தால் அதே ஆவணி மூல வீதியில் எந்த ஆசாரியிடமும் கேட்டுப் பாருங்கள். பஃபிங் மெஷினுக்கு அடியில் விழும் தூசியை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. சேர்த்துவைத்து, உருக்கி, தங்கம் எடுப்பார்கள். அந்தத் தூசியில் உங்கள் அப்பாவின் வாட்சும் சேர வேண்டுமா?

தங்கம் குறைவது ஒரு பக்கம். வடிவம் போவதுதான் எனக்கு இன்னும் வருத்தம் தருவது. கான்ஸ்டலேஷன் 1952இல் வந்த மாடல். அதன் அழகெல்லாம் விளிம்பில் இருக்கிறது. பல கேஸ்களில் லக் பட்டை பட்டையாக மடங்கி இறங்கும், அந்தப் பட்டைகள் சந்திக்கும் கோடு கத்தி மாதிரி நிற்கும். சில மாடல்களில் டயலே நடுவில் சமமாகவும் ஓரத்தில் பன்னிரண்டு மடிப்பாகச் சரிந்தும் இருக்கும். அசல் சாவி பெரும்பாலும் பத்துப் பட்டை. பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள்: வான் ஆய்வுக்கூடத்தின் குவிமாடமும் மேலே எட்டு நட்சத்திரங்களும் புடைப்பாக இருக்கும். நேரத் துல்லியப் போட்டிகளில் ஒமேகா வாங்கிய பெயருக்கு அடையாளமாக வைத்தது.

நகைப் பட்டறையின் பஞ்சுச் சக்கரத்துக்கு இதெல்லாம் தெரியாது. சக்கரம் மெத்தென்று இருப்பதால் விளிம்பு வரும் இடத்தில் அதைத் தாண்டி மடிந்து இரண்டு பக்கமும் சேர்த்து அரைக்கும். கோடு மழுங்கி, ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி ஆகிவிடும். வளையலுக்கும் தோட்டுக்கும் அது நல்லது, உருண்டு பளபளத்தால் சரி. வாட்சுக்கு அது சரிப்படாது. பழைய கான்ஸ்டலேஷன் வாங்குகிறவர்கள் பின்மூடி நட்சத்திரத்தின் முனை கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மழுங்கியிருந்தால், எத்தனை தடவை பாலிஷ் கண்டது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. பட்டறையில் யாராவது "தங்கமா பாத்துடுவோம்" என்று உரைகல்லை எடுத்தால் உடனே வாட்சைத் திருப்பி வாங்கிவிடுங்கள். உரைப்பதற்கான பொருள் அது இல்லை. கேரட் பார்க்கும் மெஷினும் இங்கே முழுப்பதில் சொல்லாது. அது மேல்பரப்பைத்தான் படிக்கும், கனமான தகட்டையும் முழுத்தங்கத்தையும் அதனால் சுலபமாகப் பிரிக்க முடியாது. பின்மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் என்ன பொறித்திருக்கிறது என்று வாட்ச் ரிப்பேர்காரரையே பார்க்கச் சொல்லுங்கள். 1995 வரை ஸ்விஸ் 18 கேரட் கேஸில் ஸ்விட்சர்லாந்தின் உருவகமான ஹெல்வீஷியா என்ற பெண்ணின் தலை முத்திரை இருக்கும், 14 கேரட்டுக்கு அணில். இரண்டும் இல்லாமல், துருப்பிடிக்காத எஃகு என்று பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் பெரும்பாலும் தகடுதான்.

சரி, அப்படியானால் மங்கலாகவே கட்டிக்கொண்டு போவதா? அதுவும் வேண்டாம். பீரோவில் பல வருஷம் கிடந்த வாட்ச் மங்கித் தெரிவதற்குப் பாதிக் காரணம் அழுக்குதான். மதுரை வெயிலில் கட்டிய வாட்ச் என்றால் வியர்வை உப்பும் தோல் அழுக்கும் லக்கின் இடுக்கிலும் பின்மூடி ஓரத்திலும் கல்லாகியிருக்கும். ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் அதை மெதுவாகக் கிளறி எடுங்கள். அப்புறம் மெத்தென்ற பழைய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். தண்ணீர்க் குழாயின் கீழ் காட்டவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் அறுபது வயசுக்காரர், அவரை நம்ப முடியாது. வெள்ளிச் சாமானுக்குப் போடுவதுபோல விபூதி, பித்தளைக்குப் போடுவதுபோல புளி என்று வீட்டுப் பெரியவர்கள் கிளம்புவார்கள். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவையுங்கள்.

இந்தச் சுத்தம் செய்த பிறகு, ஒரு நாள் விட்டு, காலை வெளிச்சத்தில் பாருங்கள். பாலிஷே வேண்டாம் என்று நீங்களே சொல்ல வாய்ப்பிருக்கிறது.

கண்ணாடி விஷயம் மட்டும் நல்ல சேதி. அந்தக் காலத்து ஒமேகாவில் இருப்பது நிஜக் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். சும்மா கீறல்தான் என்றால் வெள்ளை டூத் பேஸ்ட்டைப் பஞ்சில் தொட்டு, தங்கத்தின் மேல் படாமல் சுற்றிலும் டேப் ஒட்டிக்கொண்டு, சின்னச் சின்ன வட்டமாகச் சில நிமிஷம் தேய்த்தாலே தெளிந்துவிடும். முழு வாட்சும் இளமையாகத் தெரியும், இதைவிட மலிவான மராமத்து கிடையாது. விரிசல் இருந்தால்தான் மாற்ற வேண்டும். மாற்றுமுன் கண்ணாடியின் நடுவில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக ஒமேகா சின்னம் இருந்தால் அது அசல். கழற்றிய பழசைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டயலைத் தொடவே விடாதீர்கள். "லேசா மஞ்சளாயிருக்கு, பெயிண்ட் அடிச்சுடலாம்" என்று யார் சொன்னாலும் வேண்டாம். புதுப் பெயிண்டும் கோணல் எழுத்துமாக நம் நாட்டிலிருந்து போகும் வாட்சுகளுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்று பட்டமே கட்டியிருக்கிறார்கள். மதுரை ஸ்பெஷல் என்று ஒன்று வேண்டாம்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் வாட்சுக்குள்ளே ஓடும் மெஷின். பல வருஷம் ஓடாத வாட்சில் எண்ணெய் பிசினாகி இருக்கும். ஆட்டி ஆட்டி ஓட வைத்தால் பல்சக்கரம் தேயும், மகனிடம் சொல்லிவையுங்கள். டவுன்ஹால் ரோடு பக்கமோ வேறெங்கோ, பேட்டரி மாற்றுபவராக மட்டும் இல்லாமல் பழைய சாவி வாட்சைப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? பின்மூடியைத் திறக்க என்ன பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். குறடால் பிடித்துத் திருகுகிறவர் என்றால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "கேஸைக் கழுவினால் போதும், பாலிஷ் கூடாது" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நல்லெண்ணத்திலேயே பளபளப்பாக்கித் தந்துவிடுவார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர்களிலும் பாலிஷ் சேர்ந்தே வருவது உண்டு.

கீறல் கண்ணை உறுத்துகிறது, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் நகைக்குத் துடைக்கும் மெத்தென்ற துணியால் கையால் லேசாகத் துடைப்பதோடு நிறுத்துங்கள். பள்ளமாக விழுந்த தடம் அப்படியே இருக்கட்டும்.

இதே கேள்வியை முழு ஸ்டீல் வாட்சுக்குக் கேட்டிருந்தால் பதில் கொஞ்சம் மாறியிருக்கும். அதில் தோலுரிந்து போக ஒன்றுமில்லை. மெஷினை வெளியே எடுத்துவிட்டு, பளபளப்புப் பகுதிக்கு டேப் ஒட்டி மறைத்து, பளபளப்பில்லாமல் மெல்லிய கோடு போட்ட பகுதியை ஒரே திசையில் நயமான உப்புத்தாளால் இழுத்துச் சரிசெய்யத் தெரிந்தவர் கிடைத்தால் வாழ்நாளில் ஓரிரு தடவை செய்யலாம். பழைய ரோலெக்ஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம்: அதில் வரிசை எண் லக்குகளுக்கு நடுவில், ஸ்ட்ராப் மறைக்கும் இடத்தில் இருக்கும். அங்கே சக்கரம் பட்டால் எண் போச்சு. ஒமேகாவில் அந்தக் காலத்தில் எண் மெஷினில் இருப்பதால் உங்களுக்கு அந்தப் பயம் இல்லை.

கல்யாணத்தன்று ஒரு சின்ன ஏற்பாடு. முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் மணிக்கட்டுக்கு என்னென்ன வரும் என்று யோசியுங்கள்: சந்தனம், பன்னீர்ச் செம்பு, ஹோமப் புகை, ஈர மாலை, எல்லாவற்றுக்கும் மேல் பட்டு வேட்டி சட்டையில் ஊறும் வியர்வை. அப்போது வேண்டாம். முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்குக் கட்டட்டும். இந்த வாட்ச் 34, 35 மில்லிமீட்டர்தான் இருக்கும், இந்தக் காலப் பையன்களுக்குச் சின்னதாகத் தெரியும். அகலமான ஸ்ட்ராப் போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் ஸ்ட்ராப்தான் பொருந்தும், லக்கின் நடுவே அளந்துவிட்டு வாங்குங்கள். சாதாரணத் தோல், அடர் பழுப்பு நிறம். தங்கத்துக்கு அதுதான் எடுப்பு.