தைப்பவர் ஒருவர், ஆடுபவர் ஒருவர்

கேள்வி: குழந்தைகளுக்கான உடைகளை வீட்டிலேயே தைத்து விற்கிறோம். இன்ஸ்டாகிராமில் தினமும் ஒரு புது உடையைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரபலமான பாட்டுக்கு ஆடி ரீல்ஸ் போடுகிறேன். 11 ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் மாதத்துக்குப் பத்து ஆர்டர்கூட வருவதில்லை. தையலை என் மாமியார் பார்த்துக்கொள்வதால் அதில் எனக்குக் கவலையில்லை. வளர்ந்த பிறகு பிரித்துவிடலாம் என்று உள்ளே கூடுதலாகத் துணி விட்டுத் தைப்பார். அதில் நேரம் போகிறது, வீடியோவுக்குத் தினமும் புது உடை வேண்டும் என்பதால் அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இப்போது அவர் அடிக்கடி உடம்புக்கு முடியவில்லை என்கிறார். எந்த நேரத்தில் பதிவிட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள்? பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா?

பதில்: சகோதரி, ஆர்டர் வரவில்லை என்று எழுதும் கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. எந்த நேரம், எந்தப் பாட்டு, எவ்வளவு பணம் என்பவைதான் எல்லாவற்றிலும் கேள்விகள். விடாமல் போட்டுக்கொண்டே இருங்கள், ஒரு நாள் நடக்கும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன்.

உள்ளே துணி விட்டுத் தைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

வளரும் பிள்ளைக்கு உடை வாங்குகிற பெற்றோர் முதலில் யோசிப்பது, இது எத்தனை மாதத்துக்கு வரும் என்பதைத்தான். உங்கள் மாமியார் உடையின் பக்கவாட்டுத் தையலில் தாராளமாகத் துணி விட்டுத் தைத்துவந்தார். பிள்ளை வளர்ந்ததும் பழைய தையலைப் பிரித்து ஓரமாக ஒரு தையல் போட்டால் அதே உடை மறுபடியும் உடம்புக்குச் சரியாக வரும். ஆயத்த உடை ஆலைகளில் துணியை மிச்சம் பிடிப்பதற்காகத் தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் விடுவார்கள். ஓவர்லாக் இயந்திரம் ஓரத்தை அடிக்கும்போதே மீதியையும் வெட்டிவிடும். அந்த உடையைப் பிரித்தால் உள்ளே விடுவதற்கு ஒன்றுமிருக்காது.

ஆக, ஆலைக்காரர்கள் செய்யாத ஒன்றை உங்கள் வீட்டில் ஒருவர் செய்துகொண்டிருந்தார். மற்றவர்களிடம் இல்லாத சரக்கு உங்களிடம் அது ஒன்றுதான். அதைப் பற்றி ஒரு வீடியோவாவது போட்டீர்களா? போட்டதாக நீங்கள் எழுதவில்லை. வீடியோவுக்காக அந்தச் சரக்கையே நிறுத்தியிருக்கிறீர்கள். விளம்பரத்துக்காகப் பொருளின் தரத்தைக் குறைத்த பிறகு எதை விளம்பரம் செய்யப்போகிறீர்கள்?

அந்த 11 ஆயிரம் பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராம் 2016-லிருந்தே பதிவுகளை வந்த வரிசையில் காட்டுவதில்லை; யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்துத்தான் காட்டுகிறது. எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் விருப்பம் தெரிவிக்கிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பிவைக்கிறார்கள் என்ற மூன்றும்தான் முக்கியமான அளவுகோல்கள் என்று அதன் தலைவர் ஆடம் மொசேரி 2025-இல் விளக்கினார். உங்களை இன்னும் பின்தொடராத புதியவர்களிடம் போய்ச் சேர மூன்றாவதுதான் அதிகம் உதவுகிறது. நீங்கள் ஆடினால் இன்ஸ்டாகிராம் ஆட்டத்தை ரசிப்பவர்களைத் தேடிப் பிடித்து அதைக் காட்டும். அவர்கள் ரசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அவர்கள் வீட்டில் குழந்தை இருக்கிறதா என்றுகூட உங்களுக்குத் தெரியாது. உங்கள் கணக்கு தொழில்முறைக் கணக்காக இருந்தால் ஒவ்வொரு பதிவையும் எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எத்தனை பேர் உங்கள் பக்கத்துக்கு வந்து பார்த்தார்கள் என்ற விவரமெல்லாம் கிடைக்கும். இன்று உட்கார்ந்து அதைப் பாருங்கள்.

பாட்டு விஷயமும் ஒன்று. செயலியில் கிடைக்கும் பிரபலமான பாடல்கள் சொந்த மகிழ்ச்சிக்கான வீடியோக்களுக்கு அனுமதிக்கப்பட்டவை. வணிகத்துக்குப் பயன்படுத்தத் தனி உரிமம் வேண்டும். இல்லையென்றால் வீடியோவின் ஒலியை எடுத்துவிடவோ வீடியோவையே நீக்கவோ செய்வார்கள். வணிகத்துக்கென்று இலவசமாகவே ஓர் இசைத் தொகுப்பை, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் வைத்திருக்கிறது. அதுகூட உங்களுக்குத் தேவைப்படாது.

தேவைப்படுவது இது. மேசைமேல் ஒரு சின்ன கவுன். டேப்பை வைத்தால் உயரம் 20 அங்குலம். கீழ் மடிப்பின் தையலைப் பிரிக்கிறார்கள், நூல் பிசிறுகளைத் தட்டிவிடுகிறார்கள், மடிப்பை இறக்கி இஸ்திரி போடுகிறார்கள். மறுபடியும் டேப், இப்போது 22 அங்குலம். கத்தரிக்கோல் வைக்கிற சத்தமும் தையல் இயந்திரத்தின் சத்தமும் போதும். அரை நிமிடத்துக்குமேல் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று நொடிகளிலேயே "பிள்ளை வளர்ந்தாலும் இந்த உடை வரும்" என்று எழுத்தில் தெரிய வேண்டும், ஏனென்றால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. இதைப் பார்க்கும் ஒரு தாய், பிள்ளை வைத்திருக்கும் தன் தங்கைக்கு அனுப்பிவைப்பாள்.

இதற்குத் தினமும் புது உடை வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு போட்டாலே போதும். துணி எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், உட்பக்கத் தையல் குழந்தையின் தோலில் உரசாமல் இருக்க என்ன செய்கிறீர்கள், பித்தானை எத்தனை சுற்றுச் சுற்றித் தைக்கிறீர்கள் என்று ஓர் உடையிலேயே ஒரு மாதத்துக்கான விஷயம் இருக்கிறது. உங்கள் பக்கத்தின் உச்சியில் மூன்று பதிவுகளை நிலையாக வைக்கலாம். பிரித்துவிடும் வீடியோ, அளவு எடுக்கும் முறை, ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் கிடைக்கும் என்ற விவரம் மூன்றையும் அங்கே வையுங்கள். பெயருக்கான இடத்தில் "குழந்தைகள் உடை, அளவுக்குத் தைத்துத் தரப்படும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தேடுபவர்களின் கண்ணில் படும்.

இனி உங்கள் மாமியார். தையலை அவர் பார்த்துக்கொள்வதால் கவலையில்லை என்று எழுதிய அதே கடிதத்தில் அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வரிகளுக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குத் தெரியவே இல்லையா? வந்த ஆர்டர் பத்துகூட இல்லை. மாதம் முப்பது உடைகளை அவர் உங்கள் வீடியோவுக்காகத் தைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதுகா, கண்ணா, கழுத்தா என்று கேளுங்கள். அதுவரை வீடியோவுக்கென்று ஓர் உடைகூட அவர் தைக்கக் கூடாது.

அவருக்குக் கூலி கொடுக்கிறீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. குடும்பத்துக்குள் என்ன கணக்கு என்பார்கள். இதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. கணக்கு வேண்டாம் என்று சொல்லுகிற வீட்டில் உழைப்பவர் ஒருவராகவும் வாங்கிக்கொள்பவர் இன்னொருவராகவும்தான் இருப்பார்கள். பெரியவர்களைக் காப்பாற்றுவது நம் கடமை என்று வாய் ஓயாமல் பேசுகிறோம். அவர்களுடைய கைவேலைக்கு உரிய பணத்தையும் பெயரையும் அவர்களிடம் கொடுப்பதும் அந்தக் கடமைக்குள்தான் வருகிறது. வரும் லாபத்தில் பாதியை அவருடைய வங்கிக் கணக்கில் போடுங்கள். தைப்பவர் யார் என்பதை உங்கள் பக்கத்தில் சொல்லுங்கள். ஆனால் அவரிடம் கேட்காமல் கேமராவைத் திருப்பிவிடாதீர்கள். முகம் வேண்டாம் என்றால் கைகள் மட்டும் தெரியட்டும். அதுவும் வேண்டாம் என்றால் நீங்களே உட்கார்ந்து பிரித்துக் காட்டுங்கள். அதற்காகவாவது அந்த வேலையைக் கொஞ்சம் கற்றுக்கொள்வீர்கள்.

துணி விட்டுத் தைப்பதை நிறுத்தச் சொன்னது தவறு என்று அவரிடம் நேரில் சொல்லுங்கள். இதில் சுற்றி வளைக்க வேண்டாம்.

உங்கள் வேலை வாடிக்கையாளர்களிடம் பேசுவது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-இல் வந்தது, இலவசம்தான். உடைகளைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம், அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதிலைத் தயாராக எழுதி வைத்துக்கொள்ளலாம், பணம் வந்தவை, தைத்து முடித்தவை, அனுப்பியவை என்று அடையாளம் போட்டுப் பிரிக்கலாம். விலை கேட்பவரிடம் உள்பெட்டிக்கு வாருங்கள் என்று சொல்லி அலைக்கழிக்காதீர்கள். பதிவிலேயே விலையைப் போடுங்கள். பாதிப் பேர் அந்த இடத்தில்தான் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எந்த நேரத்தில் பதிவிடுவது என்பதற்கு, உங்களைப் பின்தொடர்பவர்கள் எப்போது அதிகமாகச் செயலியில் இருக்கிறார்கள் என்று அதே விவரப் பகுதியில் இருக்கிறது. இப்போதைக்கு அது ஆட்டம் பார்க்க வந்தவர்களின் நேரம். வாங்குபவர்கள் சேரும்வரை அதை நம்பி எதுவும் செய்ய வேண்டாம்.

பணம் கட்டி விளம்பரம் செய்யலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். செய்கிறபோது பார்வை எண்ணிக்கையை நோக்கமாக வைக்காமல் செய்தி அனுப்ப வைப்பதை நோக்கமாகத் தேர்ந்தெடுங்கள். எந்த நோக்கத்தைக் கொடுக்கிறீர்களோ அதைச் செய்யக்கூடியவர்களைத்தான் அந்த அமைப்பு தேடும். பலரும் சேமித்த, பகிர்ந்த பதிவு ஒன்றையே விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், உடம்பு தேறிய பிறகு, வாரத்துக்கு எத்தனை உடைகள் அலுப்பில்லாமல் தைக்க முடியும் என்று உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். அவர் ஐந்து என்றால் ஐந்து. வாரத்தின் ஐந்தாவது ஆர்டர் வந்ததும் விளம்பரத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அடுத்து வருபவர்களுக்கு அடுத்த வாரத் தேதியைச் சொல்லுங்கள். அதற்குமேலும் வேண்டுமென்றால் சம்பளத்துக்கு ஒரு தையல்காரரை வைத்த பிறகு விளம்பரத்தைக் கூட்டுங்கள்.