நவம்பர் மழை மே மாதத்தில் பெய்யுமா?

கேள்வி: எங்கள் விவசாய அமைப்பு வயலோரத்தில் தானியங்கி வானிலை நிலையம் பூட்டியிருக்கிறது. 2024 நவம்பர் பைலை எக்செல்லில் திறந்து மாத மழையைக் கூட்டினால் ஒரே ஒரு நாள் மழைதான் வருகிறது. ஜனவரியிலும் மேயிலும் மழை பெய்ததாகக் காட்டுகிறது. பெட்டி பழுதா? பூட்டியவர் புது மென்பொருள் வாங்கச் சொல்கிறார். (வாசகர், வெல்லாவெளி)

பதில்: பெட்டி பழுதில்லை. மென்பொருளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பைலில் 05/11/2024 என்பது நவம்பர் 5. உங்கள் கணினி மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் இருப்பதால் அதை மே 11 என்று எடுத்துக்கொண்டது. 13/11/2024 வந்ததும், பதின்மூன்றாம் மாதம் கிடையாதே, திகதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. திகதி நிரலைப் பாருங்கள்: 1 முதல் 12 வரை வலப்பக்கம் ஒட்டியிருக்கும், 13 முதல் 30 வரை இடப்பக்கம். நவம்பரில் சரியாக விழுந்த ஒரே நாள் 11/11. நீங்கள் கண்ட மழை அன்றையதுதான்.

பைலைச் சேமிக்காமல் மூடுங்கள். எக்செல் பைலாகச் சேமித்தால் பிழையாக வந்த மே மாதம் அப்படியே நிலைத்துவிடும். சி.எஸ்.வி.யாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்துப் பைல்) சேமித்தாலும் முன்னிருக்கும் சைபரும் செக்கன்களும் போய், பாதி வரி ஒரு மாதிரி, மீதி வேறு மாதிரி ஆகிவிடும். பெட்டியிலிருந்து புதிதாக ஒரு பிரதி எடுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் திறப்பது இலகு. திறக்கும்போதே ஒரு சாளரம் வரும். பிரிப்பான் 'கமா' என்று குறித்து, கீழே தெரியும் திகதி நிரலைத் தட்டி, 'கொலம் டைப்' என்ற இடத்தில் 'டேட் (டி.எம்.வை)' தெரிவுசெய்யுங்கள். எக்செல்தான் வேண்டுமென்றால் இரட்டைத் தட்டில் திறக்காமல் 'டேட்டா', 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி', 'ட்ரான்ஸ்ஃபோம் டேட்டா' என்று போங்கள். வலப்பக்கம் எக்செல் தானாகச் சேர்த்திருக்கும் 'சேஞ்ச்ட் டைப்' படியை முதலில் அழிக்க வேண்டும். பிறகு திகதி நிரலில் 'சேஞ்ச் டைப்', 'யூசிங் லொகேல்', இங்கிலீஷ் (யுனைட்டட் கிங்டம்). வந்த திகதியை 2024-11-05 என்ற வடிவில் வையுங்கள். அதை எந்தக் கணினியும் தலைகீழாகப் படிக்காது.

மழை நிரல் நள்ளிரவு தொடக்கம் ஏறிக்கொண்டே போகும் எண்ணாக இருந்தால் கூட்டாதீர்கள். நாளின் கடைசி எண்தான் அன்றைய மழை. வளிமண்டலவியல் திணைக்களக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. அதோடு ஒப்பிட உங்கள் எண்களையும் அப்படியே வெட்ட வேண்டும். சூரியக் கதிர்வீச்சு காலை ஆறரையளவில் உச்சம் காட்டினால் பெட்டி யூ.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது, ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். ஓர் அலுவலகம் 8.30 கணக்குக் கேட்கிறது, இன்னோர் அலுவலகம் நள்ளிரவுக் கணக்குக் கேட்கிறது. கேட்டபடி அச்சடித்துக் கொடுத்தால் அதை ஒருவர் இருந்து திரும்பத் தட்டச்சு செய்கிறார். இதற்கா தானியங்கி?

வெற்றுக்கூடும் (எண் இல்லாத கட்டம்) -9999உம் "அளவீடு இல்லை" என்று பொருள். அங்கே 0 போடாதீர்கள். ஆனால் பைலில் உள்ள 0 எல்லாம் உண்மையான 0 அல்ல. மழைமானியின் புனலில் இலையோ எறும்புக்கூடோ அடைத்தால் பெட்டி வெற்றுக்கூடு விடாது, 0.0 என்றே எழுதும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கொட்டும் மழை நேரத்தில் 0.0, ஈரப்பதன் மட்டும் தொண்ணூறுக்கு மேல். மழை விட்ட பிறகு மணிக்கணக்கில் ஒரே இடைவெளியில் 0.2, 0.2, 0.2. தேங்கிய நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, மழைமானிக்குள் நிரம்பியதும் கவிழ்ந்து மழையை எண்ணும் சிறு வாளியைக் கவிழ்க்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் புது நிரல் போட்டு 'அடைப்பு' என்று குறியுங்கள். நட்டஈட்டு விண்ணப்பத்தில் திருத்திய எண் பிடிபட்டால் சரியான எண்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

பூட்டியவர் விடயத்துக்கு வருவோம். மூலப் பைலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மாதாமாதம் பி.டி.எஃப். அனுப்பிக் காசு வாங்குவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. கடவுச்சொல், மூலப் பைல், ஒவ்வொரு நிரலும் என்ன, அதன் அலகு என்ன, வாளி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மி.மீ.யா 0.254 மி.மீ.யா, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். மீதிப் பணம் கொடுக்க இருந்தால், இவையெல்லாம் உங்கள் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.