லண்டன் ஏலத்தில் எடுத்த ஒயின்: பணம் கட்டாமல் விடலாமா?

கேள்வி: ஐயா, காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மனைவியின் தம்பி லண்டனில் வேலை பார்க்கிறார். அவர் சொல்லி, அங்குள்ள ஓர் ஏல நிறுவனத்தின் ஆன்லைன் ஏலத்தில் பிரான்சின் போர்டோ பகுதிச் சிவப்பு ஒயின், 12 பாட்டில் கொண்ட கேஸ் (பெட்டி) ஒன்றை 1,200 பவுண்டுக்குக் கேட்டேன். என் பெயருக்கே முடிந்தது. ஆனால் பில் 1,560 பவுண்டுக்கு வந்திருக்கிறது. 'இன் பாண்ட்' என்று வேறு போட்டிருக்கிறது. நான் சம்மதிக்காத தொகையைக் கட்டாமல் விட்டுவிடலாமா? கட்டினால் காரைக்குடிக்குக் கொண்டுவர என்ன வழி? இனிமேல் கேட்டால் எப்படிக் கேட்பது?

பதில்: பில்லில் தப்பு இல்லை. 1,200 என்பது ஏலம் முடிந்த விலை மட்டும்தான். அதற்கு மேல் வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம், 300 பவுண்டு. அந்தக் கமிஷனுக்கு பிரிட்டன் வாட் வரி 20 சதவீதம், 60 பவுண்டு. நம் ஊர்க் கோயில் ஏலத்தில் எலுமிச்சம்பழத்தை எவ்வளவுக்குக் கேட்டோமோ அதைக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. அங்கே அப்படி இல்லை. கமிஷன் விவரம் ஏல நிபந்தனைகளில் இருக்கும்; பதிவு செய்யும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் நீங்கள் டிக் அடித்திருப்பீர்கள். 'படிக்கவில்லை' என்ற வாதம் எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது.

ஏலம் முடிந்ததாக அறிவித்த நொடியில் விற்பனை முடிந்துவிடுகிறது. அதற்கு முன்புவரை கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம், பின்பு முடியாது. நம்முடைய 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவும், பிரிட்டனின் 1979-ஆம் வருடச் சட்டத்தின் 57-வது பிரிவும் இதையே சொல்கின்றன.

ஒரு சின்னச் சந்து இருக்கிறது. தூரத்திலிருந்து வாங்கும் நுகர்வோர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்ய, 2013-ஆம் வருட பிரிட்டன் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் இடம் தருகின்றன. பொது ஏலத்துக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் பொது ஏலம் என்றால், ஆட்கள் நேரில் வந்து கேட்கவும் வழி இருக்க வேண்டும். உங்களுடையது இணையத்தில் மட்டும் கெடு வைத்து நடந்த ஏலமா, விற்றவர் வியாபாரியா என்று இரண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் 'ஆம்' என்றால் ரத்து கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால் ஒயின் ஏலங்களில் விற்பவர் பெரும்பாலும் தனியாள். வீட்டில் சேர்த்து வைத்ததை விற்கிறவர். நிறுவனம் அவருக்கு ஏஜென்ட் மட்டுமே. அப்படியானால் அந்தச் சந்தும் அடைபட்டது.

'லண்டன்காரன் காரைக்குடிக்கு வந்தா வசூல் பண்ணுவான்?' என்று கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவுப்படி, பிரிட்டன் உயர்நீதிமன்றத் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றலாம். உங்களுக்கு அது சிவகங்கை. இந்தத் தொகைக்கு அவ்வளவு தூரம் போவார்களா என்றால், எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வழக்கமான நிபந்தனைகளின்படி கேஸை மறுபடி விற்று, விலை குறைந்தால் வித்தியாசத்தையும் கிடங்கு வாடகையையும் வட்டியையும் உங்கள் தலையில் கட்டலாம். என் யோசனை: கட்டிவிடுங்கள்.

இனி கொண்டுவரும் கதை. 'இன் பாண்ட்' என்றால் பிரிட்டனின் மதுவரியும் வாட்டும் கட்டாமல், சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கில் கேஸ் இருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து நேரே இந்தியாவுக்கு அனுப்பினால் அந்த வரிகள் இல்லை, ஆனால் நம் சுங்கம் நிற்கிறது. இறக்குமதி ஒயினுக்குப் பொதுவான வரி 50 சதவீத அடிப்படைச் சுங்கமும் 100 சதவீத வேளாண் உள்கட்டமைப்புத் தீர்வையும் சேர்த்து 150 சதவீதம். உங்கள் 1,560 பவுண்டு கேஸுக்கு, கப்பல் கூலியைச் சேர்க்காமலே, 2,340 பவுண்டு வரி. அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மாநிலத்துக்குள் மது கொண்டுவர முடியாது. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். ஆகவே நாலு பாட்டிலை நண்பர்களுக்கு விற்று ஈடுகட்டலாம் என்ற நினைப்பே வேண்டாம், அது குற்றம்.

நடக்கக்கூடிய வழி, விமானப் பயணி ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய 2 லிட்டர். 750 மில்லி பாட்டிலில் இரண்டுதான் இதற்குள் வரும், மூன்றாவது 2.25 லிட்டர் ஆகிவிடும். மைத்துனர் லண்டனில் வரி கட்டிக் கேஸை வெளியே எடுத்து, ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டிரண்டாகக் கொண்டுவரலாம். ஏலப் பில்லின் நகலும் போர்டிங் பாஸும் கையில் இருக்கட்டும். மீதியை அங்கேயே வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த இரண்டாங்கட்டு அறை எவ்வளவு குளுகுளுவென்று இருந்தாலும், இந்த ஒயின் கேட்பது 12, 13 டிகிரி. நம் சித்திரை வெயில் அதை வினிகர் பக்கம் தள்ளிவிடும். முதலீடாகவே அங்கு வைப்பதாக இருந்தால், வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டுமா என்று ஆடிட்டரைக் கேளுங்கள்.

அடுத்த ஏலத்துக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மொத்தம் 1,300 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்றால், இதே கமிஷனில் அதை 1.3-ஆல் வகுத்து 1,000-த்தில் நிறுத்துங்கள். அந்த உச்ச விலையை முன்கூட்டியே கொடுத்துவைத்தால், போட்டிக்குத் தேவையான அளவு மட்டும் படிப்படியாகக் கணினியே ஏற்றும். கடைசி நிமிடம் வரை காத்திருந்து கேட்பதில் பெரிய லாபம் இல்லை; பல தளங்களில் முடியும் தறுவாயில் யாராவது கேட்டால் நேரம் தானே நீளும். ஒரே ஒயின் பல கேஸாக வரும்போது, முதல் கேஸை எடுத்தவருக்கு மீதியையும் அதே விலைக்கு எடுக்கும் உரிமை சில ஏலங்களில் உண்டு. 'அடுத்ததில் மலிவாக அடிக்கலாம்' என்று காத்திருந்தால் கை நழுவும்.

பாட்டில் விவரத்தையும் படியுங்கள். ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று எழுதியிருப்பார்கள். கழுத்து வரை இருந்தால் நல்லது. பழைய பாட்டிலில் தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால், தக்கை வழியாகக் காற்று போயிருக்கலாம். இதுவரை எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது என்ற விவரம் இல்லாத விலை உயர்ந்த பாட்டிலைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்பவர் போலி ஒயினைக் கோடிக்கணக்கில் ஏலம் விட்டு, 2014-இல் 10 வருட சிறைத் தண்டனை பெற்றார். போலி என்று புகார் செய்யவும் நிபந்தனையில் கெடு இருக்கும்.

இப்போதைக்கு ஒன்று அவசரம். பில் உங்கள் பெயரில் இருக்கும்போது வேறொருவர் கட்டும் பணத்தைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. மைத்துனர் கட்டுவதாக இருந்தால், பெயர் மாற்றத்துக்கும் கிடங்கிலிருந்து அவரே எடுக்கவும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டு, பில்லில் உள்ள கெடுவுக்குள் கட்டச் சொல்லுங்கள்.