நெறிக்கட்டியும் தகரப் பெட்டியும்: ஒரு மருத்துவ மர்ம நாவல் குறித்த கேள்வி பதில்

நம் வாசிப்பு வட்டம் இம்மாதம் படித்த நாவலில், இடிக்கப்படும் பழைய கடைவீடு ஒன்றில் கிடைத்த தகரப் பெட்டியைத் திறந்த இரண்டு கட்டுமானத் தொழிலாளர்கள் பிளேக் நோயால் இறக்கிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த இளம் மருத்துவர், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலி பிடிக்கும் வேலை செய்த தன் கொள்ளுத்தாத்தாவின் நாட்குறிப்பைக் கொண்டு அதன் மூலத்தைத் தேடிச் செல்கிறார். நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், மருத்துவம் தொடர்பான கேள்விகளை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

ஈசூன் வாசகி: ஐயா, அப்படியோர் ஆய்வுக்கூடம் உண்மையாகவே சிங்கப்பூரில் இருந்ததா?

இருந்தது, அம்மா. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு, அதே ஆண்டில் 'ஓக்கா 9420' என்ற கிருமிப்போர்ப் படைப்பிரிவை ஜப்பானியர் இங்கே நிறுவினார்கள். ஊட்ரம் வட்டாரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருந்த டான் டெக் குவான் கட்டடம் அதன் ஆய்வுக்கூடமாயிற்று. பிற்காலத்தில் நம் அமைச்சராக விளங்கிய ஒத்மான் வோக், தாம் இளம் வயதில் அங்கே உதவியாளராக வேலை செய்ததையும், பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் எலிகளைக் கொண்டு வளர்க்கப்பட்டதையும் 1991இல் செய்தித்தாளில் வெளிப்படையாகக் கூறினார். நாட்குறிப்பும் தகரப் பெட்டியும் நாவலாசிரியரின் கற்பனை; ஆய்வுக்கூடம் கற்பனையன்று.

பிடோக் வாசகர்: பெட்டியைத் திறந்த இரண்டு மணி நேரத்தில் காய்ச்சல் வருவதாக எழுதியிருக்கிறாரே?

வராது. நெறி கட்டும் வகைப் பிளேக்கில் அறிகுறிகள் தோன்றப் பெரும்பாலும் இரண்டு முதல் எட்டு நாள்கள் ஆகும். நுரையீரலைத் தாக்கும் வகை விரைவானது என்றாலும், அதுவும் இரண்டு மணி நேரத்தில் ஆளைச் சாய்ப்பதில்லை. தொடையிடுக்கில் கட்டும் நெறிக்கு அரையாப்பு என்ற பழைய சொல்லை ஆசிரியர் தேடிப் பிடித்துப் பயன்படுத்தியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

உட்லண்ட்ஸ் வாசகி: பாட்டி ஓரிடத்தில், "தோட்டத்தில் நம்மாட்களைக் காப்பாற்றியது புழுங்கலரிசிதான்" என்கிறார். இது வெறும் அலங்கார வசனம்தானே?

முதல் வாசிப்பில் நானும் அந்த வரியைத் தாண்டித்தான் போனேன். உண்மையில் இந்நாவலில் உள்ள மருத்துவச் செய்திகளில் மிகச் சரியானது அதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், ஒரே வெயிலில் ஒரே விதமாக உழைத்தபோதிலும், தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை, நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் வாட்டியதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அந்நோய் பெரும்பாலும் அண்டாததையும் கவனித்தார். ஆனால் பழைய அரிசியில் உண்டாகும் நஞ்சே அதற்குக் காரணம் என்று தவறாக முடிவு செய்தார். அதன்பின் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலானில் சாலை போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களுக்கு இருவகை அரிசியையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்து, தீட்டும்போது அரிசி எதையோ இழக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த 'எதையோ' என்பதுதான் தயாமின் என்ற உயிர்ச்சத்து. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நம் முன்னோர் இதை அறிந்து செய்ததாகத் தயவுசெய்து யாரும் பெருமை பேச வேண்டாம். அவர்கள் வழக்கப்படி சமைத்து உண்டார்கள், பிழைத்தார்கள். ஆனால் அதே பாட்டி 1944இல் வீட்டில் புழுங்கலரிசி மூட்டை இருந்ததாகச் சொல்வதுதான் இடிக்கிறது. மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளிய ஆண்டுகள் அவை.

சிராங்கூன் வாசகர்: 1943இல் சாங்கி முகாமில் ஆங்கிலேய மருத்துவர் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடும் காட்சி மெய்சிலிர்க்க வைத்தது.

எனக்கும் சிலிர்த்தது, வேறு காரணத்தால். அம்மருந்து 1943 அக்டோபரில்தான் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதைப் பற்றிய முதல் கட்டுரை 1944இல் வெளிவந்தது. கம்பிவேலிக்குப் பின்னால் அடைபட்டிருந்த ஒரு போர்க்கைதியின் கைக்கு அது வந்து சேர்ந்திருக்க வழியே இல்லை. அக்காலத்திலேயே புழக்கத்தில் இருந்த சல்பா மாத்திரை என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

பொங்கோல் வாசகி: கதாநாயகி, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கிறாரே, அது சரியா?

சரியன்று. பிளேக் நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு டாக்சிசைக்ளின் போன்ற மருந்தைத் தடுப்பாகக் கொடுப்பது உண்டு. அதை எவ்வளவு, எத்தனை நாள் என்று மருத்துவர் முடிவு செய்வார். மேசை இழுப்பறையில் கிடக்கும் மிச்ச மாத்திரை எதற்கும் ஆகாது. ஒரு கதாபாத்திரம் செய்ததைப் பார்த்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் யாரும் மாத்திரை பங்கிட வேண்டாம்.

ஜூரோங் வாசகர்: அந்த ஜப்பானிய ஆய்வுக்கூடம் நிஜமா?

மேலே முதல் பதில்.

தெம்பனிஸ் வாசகி: பெனிசிலின் மாத்திரை மிச்சம் இருந்தால் பிளேக்குக்கு ஆகுமா?

பெனிசிலின் பிளேக்குக்குப் பயன்படாது. மிச்ச மாத்திரையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அங் மோ கியோ வாசகர்: மருத்துவரும் காவல் அதிகாரியும் இறுதியில் சேர்ந்திருக்க வேண்டாமா?

இக்கேள்விக்கு நான் ஆளல்லன். வட்டத்தின் அடுத்த சந்திப்பில் எழுப்புங்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: எண்பது ஆண்டுகள் கழித்தும் பெட்டிக்குள் கிருமி உயிரோடிருப்பதுதான் கதையின் அச்சாணி. அது சாத்தியமா?

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சாத்தியமில்லை. பிளேக் கிருமி வித்துறை, அதாவது நெடுங்காலம் தாக்குப்பிடிக்க உதவும் கெட்டியான உறங்குநிலை வடிவம், உண்டாக்காது. உமியும் துணியும் அடைத்த தகரப் பெட்டியில், நம் ஊர் வெப்பத்தில், அது விரைவிலேயே மடிந்திருக்கும். தெள்ளுப்பூச்சியோ சில மாதங்களைக்கூடத் தாண்டாது. ஆந்த்ராக்ஸ் கிருமி அப்படிப்பட்டதன்று, அது வித்துறை உண்டாக்கும். 1942இல் ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில் பிரிட்டிஷார் அதைச் சோதித்தார்கள். 1986இல் நிலத்தை ஃபார்மால்டிஹைடு கலந்த கடல்நீரால் நனைத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது, 1990இல்தான் தீவு பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். ஆசிரியர் கிருமியை மாற்றியிருந்தால் கதை நின்றிருக்கும்.

ஈசூன் வாசகி (மீண்டும்): ஐயா, நாவலை ஆய்வுக்கூட அறிக்கையாகப் படிக்கிறீர்கள். ஆந்த்ராக்ஸ் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும் எதற்கு? கொள்ளுத்தாத்தாவின் கதையே போய்விடுமே.

நியாயமான அடி, அம்மா. எலி பிடித்தவரின் குற்றவுணர்வுதான் இந்நாவலின் உயிர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வரலாற்றில் கட்டடத்தின் பெயர் வரை சரிபார்த்த ஆசிரியர், கிருமியிடம் மட்டும் ஏன் சலுகை கேட்கிறார்? மர்மக் கதையில் வாசகர் துப்புகளை நம்பித்தான் பின்தொடர்கிறார். இங்கே முதல் துப்பே பொய்.

புக்கிட் பாத்தோக் வாசகர் (மீண்டும்): உறையவைத்து உலர்த்திய கிருமிகள் பல பத்தாண்டுகள் இருக்குமே. நீங்களே ஆய்வுக்கூடத்தில் அப்படித்தானே வைத்திருப்பீர்கள்?

மடக்கிவிட்டீர்கள். ஆம், வெற்றிடத்தில் உலர்த்தி, கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உருக்கி மூடிக் குளிரில் வைத்தால், பல பத்தாண்டுகள் கழித்தும் வளர்த்தெடுக்கலாம். நானே பழைய குப்பிகளை உடைத்து வளர்த்திருக்கிறேன். கடைவீட்டுச் சுவரின் வெப்பம் அதற்கும் ஒத்துவராது என்றாலும், ஒரு குப்பியாவது தப்பியிருக்கலாம் என்று ஒரு நாவலாசிரியர் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆகவே எலியும் இருக்கட்டும், கொள்ளுத்தாத்தாவும் இருக்கட்டும். 47ஆம் பக்கத்தில் உமியை எடுத்துவிட்டு, மூடி உருக்கிய ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தால் போதும்.

செம்பவாங் வாசகர்: ஐயா, அந்த ஆய்வுக்கூடம் உண்மையிலேயே...

முதல் பதில், ஐயா. முதல் பதில்.